அன்றாடக் காட்சியைச் செப்பில் அரித்தல்: 17-ஆம் நூற்றாண்டு ஹாலந்து முறையில் ஓர் எட்சிங் தகட்டைத் தொடக்கம் முதல் அச்சு வரை உருவாக்குவதற்கான வழிகாட்டி

ஹார்லெம் நகரத்து ஓவியர் ஆட்ரியான் வான் ஓஸ்டாடேயும் ஆம்ஸ்டர்டாமில் வாழ்ந்த ரெம்ப்ராண்டும் சத்திரத்து மூலைகளையும் வாசற்படிகளையும் தெருவோரத்து அடுப்புகளையும் செப்புத் தகட்டில் அரித்துப் பதித்த முறையை, இன்று எளிதாகக் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு செய்து பார்க்க விரும்புவோருக்காக இது எழுதப்படுகிறது. ஓரளவு கோட்டோவியம் வரையத் தெரிந்தால் போதும். அச்சுக்கலையில் முன் அனுபவம் தேவையில்லை.

எட்சிங் என்பது, தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் பூச்சை விலக்கிக் கோடுகளை வரைந்து, செம்பு வெளிப்பட்ட அக்கோடுகளை அமிலத்தால் அரித்து, அவற்றில் மை நிரப்பித் தாளில் அச்செடுக்கும் முறை. முழுப் பணியும் ஒரே ஒரு விதியைச் சார்ந்து நிற்கிறது. எட்சிங்கில் ஒரு கோட்டின் கருமையை ஊசியின் அழுத்தம் தீர்மானிப்பதில்லை. அந்தக் கோடு அமிலத்தில் கிடக்கும் நேரமே தீர்மானிக்கிறது. ஆகவே படத்தின் எந்தப் பகுதி எத்தனை நிமிடம் அரிக்கப்பட வேண்டும் என்பது முதல் கோட்டை இழுப்பதற்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும். புதிதாகக் கற்பவர்களிடம் நான் காணும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த முடிவைத் தள்ளிப்போடுவதால் நேர்பவை.

1. முன்கூட்டியே சேர்த்துவைக்க வேண்டியவை

1 முதல் 1.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள செப்புத் தகட்டை வாங்குங்கள். முதல் முயற்சிக்கு 10 × 13 சென்டிமீட்டர் அளவு போதுமானது. துத்தநாகத் தகடு மலிவானதுதான் என்றாலும், ஃபெரிக் குளோரைடில் அது சூடேறி வேகமாக அரிபடும். கோட்டின் ஓரங்கள் கரடாகிவிடும். ஓஸ்டாடேயின் படங்களில் காணும் மென்மையான வரிகளுக்குச் செம்பே ஏற்றது. அதே தடிமனில் ஒரு சிறு துண்டுத் தகட்டையும் சோதனைக்காகச் சேர்த்து வாங்கிவிடுங்கள். அதன் தேவை ஏழாம் படியில் விளங்கும்.

அரிப்புக்கு ஃபெரிக் குளோரைடு கரைசல் போதும்; இவ்வழிகாட்டியில் அமிலம் என்று சொல்வது இதையே. மின்னணு உதிரிபாகக் கடைகளில் சர்க்யூட் பலகை செய்வதற்காக விற்கப்படுவதும் இதுவே. கட்டியாகவோ பொடியாகவோ கிடைத்தால், எப்போதும் தண்ணீரில் அதைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். அதன் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. கரையும்போது மிகுந்த சூடும் ஆவியும் எழுவதால், காற்றோட்டமான இடத்தில், கண்ணாடியும் ரப்பர் கையுறையும் அணிந்து கரைத்து, முழுதும் ஆறிய பின்னரே பயன்படுத்துங்கள். நைட்ரிக் அமிலத்தைத் தொடக்கநிலையில் தவிர்த்துவிடுவது நல்லது. அதன் புகை நுரையீரலுக்குக் கேடு. அதன் வேகமும் கட்டுப்பாட்டுக்குள் நிற்பதில்லை.

இவற்றுடன் ஹார்ட் கிரவுண்ட் எனப்படும் மெழுகுப் பூச்சு உருண்டை, ரப்பர் உருளை, தேன்மெழுகுத் திரிகள், தடுப்பு வார்னிஷ், இரண்டு பருமன்களில் ஊசிகள், அரம், சுரண்டி, பர்னிஷர் எனும் மெருகுக்கோல், எட்சிங் மை, கஞ்சியேற்றிய வலைத்துணி, பருத்தித் தாள், பிளாஸ்டிக் தட்டுகள் ஆகியவை தேவை. உலோகத் தட்டைக் கரைசலுக்கு ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது.

இரண்டு உருளைகளுக்கிடையே தகட்டை நகர்த்தும் எட்சிங் பிரஸ் இல்லாமல் இப்பணியை முடிக்க இயலாது. கரண்டியால் தேய்த்து எடுக்கும் அச்சில் ஆழ்ந்த கோடுகள் வரும். மெல்லிய கோடுகள் மறைந்துவிடும். அருகிலுள்ள ஓவியக் கல்லூரியிலோ அச்சுக்கூடத்திலோ பிரஸ்ஸைப் பயன்படுத்த இசைவு பெற்ற பிறகு தகட்டில் கை வையுங்கள்.

2. ஒளியைத் திட்டமிடுதல்

பென்சிலை எடுக்கும் முன், முன்னோடிகளின் அச்சுகளைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் தன் இணையதளத்தில் இவற்றின் உயர்தரப் படங்களை இலவசமாகவே வழங்குகிறது. ரெம்ப்ராண்ட் 1635-இல் செய்த, அப்பம் சுடும் மூதாட்டியின் சிறு அச்சை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் குனிந்து அமர்ந்திருக்கும் மூதாட்டியின் மேல்தான் கருமை குவிந்திருக்கிறது. சுற்றியுள்ள பிள்ளைகளில் பலர் சில வெளிக்கோடுகளோடு நின்றுவிடுகிறார்கள். முன்னால் ஒரு குழந்தை தன் அப்பத்தை நாயிடமிருந்து காப்பாற்றப் போராடுகிறது. அந்தச் சிறு கலவரத்தைக் காட்டுவதற்கு அவர் நிழலையே நாடவில்லை. கோட்டின் துடிப்பே போதுமானதாக இருக்கிறது.

ஓஸ்டாடேயின் வழி வேறு. குடிசைக்குள் ஒரு குடும்பத்தைக் காட்டும் 1647-ஆம் ஆண்டு அச்சில், அறை முழுவதும் நிழலாலேயே கட்டப்படுகிறது. சன்னலுக்கு அருகிலுள்ளவை மெலிந்த கோடுகளிலும் மூலைகள் நெருங்கிய குறுக்கு வரிகளிலும் வருகின்றன. அன்றாடக் காட்சிக்கு ஒளி வரும் வழி ஒன்று வேண்டும்: ஒரு சன்னல், ஒரு கதவு, ஓர் அடுப்பு. அதைத் தேர்ந்தெடுத்தால் மற்றவை தாமாக அமையும். பிச்சை கேட்டு நிற்கும் குடும்பத்தை ரெம்ப்ராண்ட் 1648-இல் வரைந்தபோது, பாதி திறந்த வாசற்கதவே படத்தின் ஒழுங்கு முழுவதையும் தாங்கியது.

உங்கள் படத்தை அதே அளவுத் தாளில் வரைந்து, அதன் மேல் ஒரு மெல்லிய தாளை வைத்து, படத்தை நான்கு ஆழங்களாகப் பிரித்து எண்ணிடுங்கள். 1 என்பது சன்னலை ஒட்டிய பகுதியும் தொலைவுச் சுவரும்; 2 பின்னால் நிற்பவர்கள்; 3 முதன்மை மனிதர்; 4 முன்புறத்து அடர்நிழல். இந்த எண் வரைபடமே பின்னர் அமிலத் தட்டின் அருகே உங்கள் வழிகாட்டி. இதைச் செய்யாமல் தொடங்குகிறவர்கள், படம் முழுவதையும் ஒரே நேர அளவில் அரித்து, சாம்பல் நிறத்தில் தட்டையாக நிற்கும் ஓர் அச்சைப் பெறுகிறார்கள்.

3. தகட்டைத் தயார் செய்தல்

முதலில் நான்கு ஓரங்களையும் அரத்தால் ஏறத்தாழ 45 பாகைச் சரிவில் இழைத்து, மூலைகளைச் சற்றே உருட்டுங்கள். கூரிய ஓரம் பிரஸ்ஸின் அழுத்தத்தில் தாளையும் அதன் மேலுள்ள கம்பளியையும் அறுத்துவிடும். இதை இறுதியில் செய்துகொள்ளலாம் என்று பலர் ஒதுக்கிவைக்கிறார்கள். முடிந்த படத்தின் மேல் அரம் ஒருமுறை சறுக்கினால் போதும், உழைப்பு முழுவதும் வீணாகும். அதனால்தான் இது முதல் வேலையாகிறது.

அடுத்து, நுண்ணிய உப்புத்தாளால் தண்ணீருடன் தேய்த்து, பிறகு உலோக மெருகுக் குழைவால் மெருகிடுங்கள். தகட்டில் எஞ்சியிருக்கும் ஒவ்வொரு கீறலும் மையைப் பிடித்துக்கொண்டு அச்சில் தெரியும்.

கடைசியாக எண்ணெய்ப்பசையை நீக்க வேண்டும். பெயிண்ட் கடையில் ஒயிட்டிங் என்று விற்கப்படும் சுண்ணக்கட்டிப் பொடியில் நீரும் சில துளி அமோனியாவும் கலந்து, மெல்லிய துணியால் தேய்த்துக் கழுவுங்கள். கழுவிய தகட்டைச் சாய்த்துப் பிடிக்கும்போது நீர் ஒரே படலமாக வழிந்தால் பசை போய்விட்டது. முத்து முத்தாகத் திரண்டால் இன்னும் இருக்கிறது, மீண்டும் தேய்க்க வேண்டும். பசையுள்ள இடத்தில் பூச்சு ஒட்டாது. அரிப்பின் நடுவே அங்கே உரிந்துவிடும். இதன் பின் தகட்டின் முகத்தை விரலால் தொடாமல், ஓரங்களை மட்டும் பிடியுங்கள்.

4. பூச்சிடுதலும் புகையேற்றலும்

தகட்டை மின் அடுப்பின் மேல் மெதுவாகச் சூடாக்குங்கள். பூச்சு உருண்டையைத் தகட்டில் தொட்டால் அது உருகி வழுக்கிச் செல்ல வேண்டும். புகை எழுந்தால் சூடு மிகுந்துவிட்டது என்று பொருள். சில கோடுகளாகப் பூச்சைத் தடவி, உருளையால் இங்குமங்கும் உருட்டி, தகட்டின் செம்புநிறம் தேன்நிறத்தில் ஊடுருவித் தெரியும் அளவுக்கு மெல்லிய படலமாகப் பரப்புங்கள். தடித்த பூச்சு பாதுகாப்பானது என்ற எண்ணம் தவறு. ஊசி அதைக் கிழித்துக்கொண்டு போகும். கோட்டின் இருபுறமும் துணுக்குகள் பெயர்ந்து வரும்.

பூச்சு சூடாக இருக்கும்போதே தகட்டைக் கவிழ்த்துப் பிடித்து, முறுக்கிய தேன்மெழுகுத் திரிகளின் சுடரைக் கீழே ஓயாமல் நகர்த்துங்கள். கரி மெழுகில் கலந்து, மேற்பரப்பு கரும் பளபளப்பைப் பெறும். இதனால் பூச்சு இறுகுவதுடன், ஊசி இழுக்கும் கோடு கருமையின் நடுவே செம்பொன்னாக ஒளிர்ந்து தெளிவாகத் தெரியும். சுடர் ஓரிடத்தில் நின்றால் பூச்சு எரிந்து, அந்த இடம் பளபளப்பின்றி மங்கிப்போகும். ஆறிய பின் அத்தகைய மங்கல் ஒன்றே ஒன்று தெரிந்தாலும், முழுவதையும் துடைத்துவிட்டு மறுபடி பூசுங்கள். அமிலம் அவ்வழியே நுழையும்.

வேறொரு பூச்சு முறையும் அக்காலத்தில் இருந்தது. லொரேன் நாட்டின் ஜாக் கல்லோ, வீணையையொத்த லூட் எனும் இசைக்கருவியைச் செய்வோர் பயன்படுத்திய கடின வார்னிஷைப் பூசி, நுனி சரிவாக வெட்டப்பட்ட எஷோப் எனும் கருவியால், திருப்பத் திருப்பத் தடித்தும் மெலிந்தும் செல்லும் கோடுகளை இழுத்தார். ஆபிரகாம் போஸ் 1645-இல் பாரிஸில் வெளியிட்ட செயல்முறை நூலில் அதை விரிவாகக் காணலாம். பிச்சைக்காரர்களையும் நாடோடிகளையும் காட்டும் கல்லோவின் அச்சுகளிலுள்ள கூர்மை அவ்வழியில் வந்தது. தொடக்கநிலையில் மெழுகுப் பூச்சே பொருத்தம். அதில் ஊசி பேனாவைப் போலவே தடையின்றி ஓடும்.

5. படத்தைத் தகட்டுக்கு மாற்றுதல்

அச்சில் இடம் வலமாகும். ரெம்ப்ராண்ட் 1650-இல் ஒரு கூம்புச் சங்கைக் கண்டபடியே தகட்டில் வரைந்ததால், அச்சில் அதன் சுருள் இயற்கைக்கு எதிர்ப்புறமாகத் திரும்பி நிற்கிறது. கையெழுத்தை மட்டும் அவர் இடவலம் மாற்றி இட்டு, அச்சில் நேராக வரச் செய்தார். அன்றாடக் காட்சியில் வலக்கையால் கத்தி பிடிப்பவர் இடக்கையராக மாறிவிடுவார் என்பதால் இதைப் புறக்கணிக்க முடியாது.

எளிய வழி இது: மென்பென்சிலால் மெல்லிய தாளில் படத்தை நேராகவே வரையுங்கள். அதைச் சற்றே ஈரமாக்கி, பூச்சின் மேல் கவிழ்த்து, பிரஸ்ஸில் மிகக் குறைந்த அழுத்தத்தில் ஒருமுறை ஓட்டுங்கள். பென்சில் தூள் கரும்பூச்சில் வெள்ளிநிறக் கோடுகளாக ஒட்டிக்கொள்ளும். தகட்டில் படம் இடவலம் மாறி இருக்கும். அச்சில் மீண்டும் நேராகும்.

முதன்மைக் கோடுகளை மட்டும் மாற்றுங்கள். நிழல்களையும் மாற்றினால், ஊசியை எடுக்கும்போது நீங்கள் நகலெடுப்பவராகிவிடுகிறீர்கள். கோட்டின் உயிர் போய்விடுகிறது.

6. ஊசியால் வரைதல்

ஊசியின் முனை கூராக இருக்கக் கூடாது. நுண்ணிய கல்லில் சுழற்றித் தேய்த்துச் சற்றே உருட்டிக்கொள்ளுங்கள். கூரிய முனை செம்பைக் கிழித்துத் திசைமாறும். உருண்ட முனை எத்திசையிலும் வழுக்கும். பூச்சை விலக்குவது மட்டுமே ஊசியின் வேலை. வரையும்போது செப்புத்தூள் தெரிந்தால் அழுத்தம் அதிகம். கோட்டின் அடியில் பழுப்புப் படலம் எஞ்சினால் அழுத்தம் குறைவு; அங்கே அமிலம் நுழையாமல் கோடு அறுந்துபோகும். உருப்பெருக்கிக் கண்ணாடி வழியே பார்த்து, ஒவ்வொரு கோடும் முனையிலிருந்து முனைவரை செம்பு ஒளியுடன் இருப்பதை உறுதிசெய்யுங்கள்.

நம் ஊர் வெப்பத்தில் பூச்சு பகலில் இளகிக் கையில் ஒட்டும். தகட்டின் இருபுறமும் கட்டைகள் வைத்து, மேலே ஒரு பலகையைக் குறுக்கே போட்டு, அதில் கையை ஊன்றி வரையுங்கள். காலையிலேயே வரைந்து முடிப்பது இன்னும் நல்லது.

கோடுகளுக்கிடையே விடும் இடைவெளியில்தான் மிகுந்த கவனம் தேவை. அமிலம் கீழே போவதுடன் பக்கவாட்டிலும் பரவுகிறது. ஆகவே நெடுநேரம் அரிபடவிருக்கும் நான்காம் பகுதியின் வரிகளுக்கு முதல் பகுதியைவிட அதிக இடைவெளி வேண்டும். கருமை தேவை என்பதால் வரிகளை நெருக்கிப் போடுவது இயல்பான தூண்டுதல்; விளைவு அதற்கு நேர்மாறாக வரும். நெருங்கிய வரிகளுக்கிடையே பூச்சு சரிந்து, அவ்விடம் ஒரே அகன்ற பள்ளமாகிவிடும். அகன்ற பள்ளத்தில் மை நிற்காது, துடைக்கும்போது வெளியேறிவிடும். அடர்கருமையை எதிர்பார்த்த மூலையில் சாம்பல்நிறத் தழும்பு ஒன்று தோன்றும்.

குறுக்கு வரிகளிலும் இதே அபாயம் உண்டு. பாதுகாப்பான வழி, அடர்நிழலில் ஒரு திசை வரிகளை மட்டும் இப்போது இழுப்பது. குறுக்கே செல்பவற்றை, முதல் அச்சைப் பார்த்த பின் மறுபூச்சிட்டு இழுப்பது. நேரம் கூடுதலாகும் என்றாலும் கருமையில் ஆழமும் காற்றும் இருக்கும்.

முகங்கள் இந்த அளவில் சில மில்லிமீட்டரே இருக்கும். அவற்றுக்கு முழு வெளிக்கோடு இடாதீர்கள். கண்குழியின் நிழல், மூக்கின் அடி, தாடையோரம் ஆகியவற்றில் சில குறுங்கோடுகளை இட்டு, மற்றதைத் தாளின் வெண்மைக்கு விட்டுவிடுங்கள்.

7. அரிப்பு

சோதனைத் துண்டிலிருந்து தொடங்குங்கள். அதற்கும் பூச்சிட்டு, ஒரே மாதிரியான வரிகளை நான்கு கட்டங்களில் இழுத்து, முறையே 5, 10, 20, 40 நிமிடங்கள் அரித்து அச்செடுங்கள். நேரத்தை ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாக்குவதற்குக் காரணம் உண்டு. 20 நிமிடத்துக்கும் 25 நிமிடத்துக்கும் உள்ள வேறுபாட்டை அச்சில் கண் உணர்வதில்லை. இரட்டிப்பு தெளிவாகத் தெரியும். குளிர்நாட்டு நூல்களில் காணும் நேரங்களை அப்படியே பின்பற்றாதீர்கள். வெப்பம் கூடினால் அரிப்பு விரைவுபடும். 32 பாகை செல்சியஸ் அறையில் அந்த அளவுகள் மிகையாகும். கரைசலின் செறிவும் பழமையும் வேகத்தை மாற்றுவதால், உங்கள் துண்டு சொல்வதே உங்களுக்குச் சரியான கணக்கு.

தகட்டின் பின்புறத்தையும் சரிந்த ஓரங்களையும் பார்சல் டேப்பாலும் தடுப்பு வார்னிஷாலும் மூடுங்கள். மூடாவிட்டால் கரைசல் பின்புறச் செம்பைத் தின்று விரைவில் வலுவிழக்கும். பிறகு தகட்டை, மூலைகளில் சிறு தாங்கிகள் வைத்து, முகம் கீழாக இருக்கும்படி கரைசலில் இறக்குங்கள். ஃபெரிக் குளோரைடு அரிக்கும்போது கோடுகளில் கசடு சேரும். முகம் மேலாக இருந்தால் அக்கசடு அங்கேயே தங்கி, அரிப்பைத் தடுத்துக் கோட்டை ஒழுங்கற்றதாக்கும். இறக்கியதும் சற்றே சாய்த்து, அடியில் சிக்கிய காற்றுக் குமிழிகளை வெளியேற்றுங்கள்.

5 நிமிடம் கழிந்ததும் எடுத்து, ஓடும் நீரில் கழுவி, உப்பு கலந்த வினிகரை ஊற்றி, மீண்டும் கழுவுங்கள். நீர் மட்டும் போதாது. கோட்டின் அடியில் படியும் இரும்புப் படலம் அடுத்த அரிப்பைத் தடுக்கும். வினிகர் அதைக் கரைக்கிறது. குளிர்காற்றில் உலர்த்துங்கள், வெப்பக் காற்று பூச்சை இளக்கிவிடும்.

இப்போது எண் வரைபடத்தைப் பார்த்து, முதல் பகுதி முழுவதையும் மெல்லிய தூரிகையால் தடுப்பு வார்னிஷ் பூசி மூடுங்கள். அது நன்றாகக் காய்ந்த பின் மேலும் 5 நிமிடம். இரண்டாம் பகுதியின் மொத்தம் 10 ஆகும். அதை மூடி மேலும் 10 நிமிடம் வைத்தால் மூன்றாம் பகுதிக்கு 20 நிறைவுறும். அதையும் மூடிவிட்டு 20 நிமிடம் அரித்தால் நான்காம் பகுதி 40 நிமிடக் கருமையை அடையும். ஈர வார்னிஷோடு அமிலத்தில் இறக்குவதே இங்குப் பரவலான பிழை. பொறுமையின்றி மிச்சப்படுத்தும் சில நிமிடங்கள் சன்னலோரத்து வெளிச்சத்தைக் கெடுத்துவிடும்.

வார்னிஷின் விளிம்பு எங்கே முடிகிறதோ அங்கே கருமை திடீரென மாறும். ஆகவே அந்த விளிம்பு ஒரு தோளின் ஓரத்திலோ மேசையின் முனையிலோ கதவின் சட்டத்திலோ விழும்படி பார்த்துக்கொள்ளுங்கள். வெற்றுச் சுவரின் நடுவே விழுந்தால், அங்கு இல்லாத ஒரு மூலை அச்சில் தோன்றும்.

பச்சையேறி மெதுவாகிவிட்ட பழைய கரைசலைக் கழிவுநீர்க் குழாயிலோ மண்ணிலோ ஊற்றக் கூடாது. அதில் கரைந்துள்ள செம்பு நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. சலவைச் சோடாவைச் சிறிது சிறிதாகச் சேர்த்து நுரை அடங்கும்வரை நடுநிலையாக்கி, படியும் சேற்றை மூடிய பிளாஸ்டிக் கலனில் சேர்த்து, அபாயக் கழிவு பெறுவோரிடம் ஒப்படையுங்கள்.

8. முதல் அச்சு

பூச்சையும் வார்னிஷையும் டர்பன்டைனால் நீக்குவதற்கு முன்பே தாளை ஊறப்போடுங்கள். 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) பருத்தித் தாளுக்கு அரை மணி நேரம் வேண்டும். எடுத்து, ஒற்றுத்தாள்களுக்கிடையே வைத்து ஒற்றுங்கள். மேற்பரப்பில் நீர் மினுங்கினால் மை ஒட்டாது. தொட்டால் குளிர்ச்சி தெரிந்து, விரலில் ஈரம் ஒட்டாத நிலையே சரி. உலர்ந்த தாள் கோடுகளுக்குள் வளைந்து இறங்காது.

தகட்டை இளஞ்சூடாக்கி, அட்டைத் துண்டால் மையை எல்லாத் திசைகளிலும் அழுத்தித் தேய்த்து, கோடுகளுக்குள் நிரப்புங்கள். வலைத்துணியைத் தட்டையான பந்துபோல் மடித்து, வட்டமாகத் துடையுங்கள். கோட்டின் திசையிலேயே துடைத்தால் மை வெளியே இழுபடும். கடைசியில் உள்ளங்கையில் சிறிது சுண்ணக்கட்டிப் பொடி தடவி, மேற்பரப்பை இலேசாக வருடுங்கள். தகட்டை முற்றிலும் துடைத்துவிட வேண்டிய அவசியமில்லை. சத்திரத்து உட்புறத்தில் மெல்லிய மைப்படலம் விடுபட்டால் அது புகைபடிந்த காற்றாகத் தோன்றும். எனினும் முதல் அச்சைச் சுத்தமாகத் துடைத்தே எடுங்கள். அப்போதுதான் அரிப்பின் உண்மையான நிலை தெரியும்.

தகட்டை முகம் மேலாகப் பிரஸ்ஸில் வைத்து, அதன் மேல் ஈரத்தாளையும் கம்பளியையும் இட்டு, உருளைகளுக்கிடையே ஓட்டி, தாளை மெதுவாக உரித்தெடுங்கள். அச்சைச் சுவரில் மாட்டி, அறையின் மறுகோடியிலிருந்து பாருங்கள். ஒளி வரும் வழியும் முதன்மை மனிதரும் அத்தொலைவில் தெளிவாகத் தெரிய வேண்டும்.

9. அடுத்தடுத்த நிலைகள்

ரெம்ப்ராண்ட் ஒரே தகட்டைப் பலமுறை திருத்தி, ஒவ்வொரு கட்டத்திலும் அச்செடுத்தார். அத்தகைய ஒவ்வொரு கட்டமும் ஒரு நிலை எனப்படும். நீங்களும் முதல் அச்சின் மேலேயே பென்சிலால் திருத்தங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மெலிந்த பகுதிகளுக்கு, தகட்டை மீண்டும் பசைநீக்கிப் பூச்சிட்டு, ஒதுக்கிவைத்த குறுக்கு வரிகளை இழுத்து அரியுங்கள். கருமை மிகுந்த இடத்தில் துளி எண்ணெய் விட்டு மெருகுக்கோலால் கோட்டின் மேல் தேய்த்தால் அதன் வாய் சுருங்கி மெலியும். முற்றிலும் அகற்ற வேண்டியதைச் சுரண்டியால் சாய்கோணத்தில் சீவி, பின் மெருகிடுங்கள். ஓரிடத்தில் மட்டும் ஆழமாகச் சீவினால் அங்கே பள்ளம் உருவாகி மை தேங்கும். சுற்றிலும் அகலமாகச் சீவிச் சமன்செய்ய வேண்டும்.

கடைசியாக டிரைபாயிண்ட். இதற்குப் பூச்சும் அமிலமும் தேவையில்லை. கூரிய ஊசியால் செம்பையே நேரடியாகக் கீற வேண்டும், அழுத்தமும் வேண்டும். கீறலின் ஓரத்தில் எழும் செம்புப் பிசிர் மையைப் பிடித்து, மென்மையான கருமையைத் தரும். அதை ஒரு தொப்பியின் நிழலுக்கோ கதவின் உட்புறத்துக்கோ மட்டும் பயன்படுத்துங்கள். பிரஸ்ஸில் ஓட ஓடப் பிசிர் நசுங்கி, பத்துப் பதினைந்து அச்சுப்படிகளுக்குள் அதன் செழுமை குறைந்துவிடும். அதனால், டிரைபாயிண்டைத் தொடுவதற்கு முன்பே அமில வேலை முழுவதையும் முடித்து, எத்தனை படிகள் தேவை என்பதையும் முடிவு செய்துகொள்ளுங்கள். படிகள் எடுத்தானதும் தகட்டின் கோடுகளிலிருந்து மையை முற்றிலும் நீக்கி, மெல்லிய எண்ணெய் பூசி, தாளில் சுற்றி, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். கோடுகளுக்குள் உலர்ந்துபோன மை அடுத்த அச்சில் மெலிந்த வரிகளை அடைத்துவிடும்.